தாங்கும் தசையின் கதை



ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளில் இதுவரை அரசர்கள், அணைகள், தபால்தலைகள் என்று எழுதி வந்திருக்கிறேன். இன்று ஒரு தசையின் வரலாறு. நம் எல்லாருடைய உடம்பிலும் இருக்கும் தசைதான், ஆனால் அதைப் பற்றிப் பேசவே நாம் கூசுகிறோம். ஆண் பிள்ளைகள் யாரும் "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உங்கள் அம்மாவுக்கோ மனைவிக்கோ அக்காவுக்கோ இது தேவைப்படலாம். அவர்கள் உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

"அடி இறங்கிடுச்சு" என்று பெண்கள் தங்களுக்குள் மெல்லிய குரலில் பேசிக்கொள்வதைச் சிலர் கேட்டிருப்பீர்கள். டாக்டர்கள் கர்ப்பப்பை இறக்கம் என்பார்கள். இறங்குவது கர்ப்பப்பை மட்டும் அல்ல. முன்பக்கம் சிறுநீர்ப்பையும் பின்பக்கம் மலக்குடலும் பிறப்புறுப்பின் பாதைக்குள் பிதுங்கி வரலாம். காலையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பொழுது சாயச் சாய, கீழே ஏதோ கனமாக இறங்குவது போல, பந்தின் மேல் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். சிலருக்குச் சிறுநீர் முழுதாகப் போகாது, சிலருக்கு இருமினால் கசியும்.

இப்படிச் சொல்கிற பெண்ணுக்கு நம் ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "உடம்பைக் குறை, சரியாப் போயிடும்" என்பது ஒன்று. "கர்ப்பப்பையை எடுத்துட்டா தீர்ந்தது" என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை கொஞ்சம்தான். மீதி என்ன என்பதற்கு நாம் நெடுந்தூரம் பின்னால் போக வேண்டும்.

பழி சுமந்த கர்ப்பப்பை

சுமார் 3500 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடியிலேயே, இடம் பெயர்ந்த கர்ப்பப்பையைத் திரும்ப இடத்துக்குக் கொண்டுவர மருந்துகள் சொல்லியிருக்கிறார்கள். ஆக இது இன்றைய சொகுசு வாழ்க்கையில் முளைத்த நோய் அல்ல.

பண்டைய கிரேக்கத்தில் கர்ப்பப்பை உடம்புக்குள் தன் இஷ்டத்துக்கு அலையும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. நல்ல வாசனையை நாடி வரும், கெட்ட நாற்றத்தைக் கண்டால் ஓடும் என்று நம்பினார்கள். அதனால் இறங்கிய கர்ப்பப்பையை மேலே இழுக்க மூக்கருகே நறுமணம், கீழே துர்நாற்றப் புகை! ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களில் இன்னும் கொடுமையான ஒரு வைத்தியமும் உண்டு. பெண்ணை ஏணி போன்ற சட்டத்தில் தலைகீழாகக் கட்டிக் குலுக்குவார்கள். பிறகு கால்களைச் சேர்த்துக் கட்டிப் படுக்க வைப்பார்கள். பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்து அடைப்பதும் அக்கால வழக்கம்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த சொரானஸ் இதையெல்லாம் மறுத்தார். கர்ப்பப்பை வாசனைக்கு ஓடிவரும் விலங்கு அல்ல என்று எழுதினார். தலைகீழாகத் தொங்கவிடுவதை எதிர்த்தார். மென்மையாக உள்ளே தள்ளி, கம்பளி உருண்டையை வைத்துத் தாங்கச் சொன்னார். அந்தக் காலத்தில் இது பெரிய மனிதாபிமானம்.

அடுத்த பல நூற்றாண்டுகள் வைத்தியர்களின் கவனம் எல்லாம் முட்டுக் கொடுப்பதில்தான் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அம்புருவாஸ் பாரே பித்தளையிலும் மெழுகு பூசிய தக்கையிலும் தாங்கு வளையங்கள் செய்தார். 19ஆம் நூற்றாண்டில் ரப்பரைப் பதப்படுத்தும் முறை வந்ததும் ரப்பர் வளையம் வந்தது. இன்று டாக்டர்கள் வைக்கும் சிலிக்கோன் 'ரிங் பெசரி' இதே வம்சம்தான். அதை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். அறுவை சிகிச்சை செய்ய முடியாதவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் நல்ல துணை அது.

அறுவை சிகிச்சையும் வளர்ந்தது. இங்கிலாந்தின் பஞ்சாலை நகரமான மான்செஸ்டரில் 1888இல் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் என்ற டாக்டர் செய்யத் தொடங்கிய அறுவைக்கு இன்றும் அந்த ஊரின் பெயர்தான்.

குலுக்கினார்கள், அடைத்தார்கள், முட்டுக் கொடுத்தார்கள், தைத்தார்கள். இறங்கி வந்த பொருளையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாங்கியிருக்க வேண்டிய தளத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. ஸ்வீடனில் துரே பிராண்ட் என்ற ராணுவ மேஜர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உடற்பயிற்சியும் மசாஜும் கொண்டு கர்ப்பப்பை இறக்கத்துக்குச் சிகிச்சை அளித்தார். அப்படிச் சில விதிவிலக்குகள் உண்டு.

கப்பலும் கயிறும் தண்ணீரும்

இந்த இடத்தில் ஒரு கரும்பலகைப் படம் போட வேண்டியிருக்கிறது. உதாரணம் என்னுடையது அல்ல. 1993இல் பெக்கி நார்ட்டன் என்ற அமெரிக்க டாக்டர் சொன்னது.

துறையில் ஒரு கப்பல் நிற்கிறது. இரு பக்கமும் கயிறு கட்டியிருக்கிறது. கீழே தண்ணீர். கப்பலின் கனத்தைத் தாங்குவது எது? தண்ணீர்தான். கயிறு கப்பலை நகராமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் வற்றிவிட்டால் முழுக் கனமும் கயிற்றில் தொங்கும். கயிறு கொஞ்ச நாள் தாங்கும், பிறகு இழுபடும், பிறகு அறும்.

கப்பல் என்பது கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல். கயிறு என்பது அவற்றைப் பிடித்திருக்கும் நார்கள். தண்ணீர் என்பது இடுப்பு எலும்புக்கூட்டின் அடியில் தொட்டில் போல் விரிந்திருக்கும் தசை. அதை இடுப்புத்தளத் தசை என்போம். பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வரும்போது இந்தத் தசை மிக அதிகமாக இழுபடுகிறது. சிலருக்கு எலும்போடு ஒட்டிய இடத்திலேயே பிய்ந்துவிடுகிறது.

இப்போது யோசியுங்கள். தண்ணீர் வற்றிய துறையில் கப்பலை அப்புறப்படுத்திவிட்டால் தண்ணீர் ஊறிவிடுமா? கர்ப்பப்பையை எடுத்த பிறகும் சிலருக்கு அந்த இடத்தின் மேற்கூரை இறங்குவது இதனால்தான். எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எடுத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம் என்கிறேன்.

தசைக்குப் பாடம் சொன்னவர்கள்

இந்தப் பயிற்சியைப் பலர் 'கீகல்' என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் அதற்கு முன்னால் லண்டனில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் மார்கரெட் மோரிஸ், நடனக் கலைஞராக இருந்து பிசியோதெரபி படித்தவர். இன்னொருவர் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மின்னி ராண்டெல். இவர்கள் 1936இல் பிரசவத்துக்கும் அறுவைக்கும் பிந்தைய பயிற்சிகள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். இடுப்புத்தளத் தசையைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சி அதிலேயே இருக்கிறது. பெயர் மட்டும் 12 ஆண்டு கழித்து எழுதிய ஒரு ஆண் டாக்டருக்குப் போய்விட்டது. வரலாற்றில் இது புதிதல்ல!

ஆனாலும் ஆர்னால்ட் கீகல் செய்தது சிறிய காரியம் அல்ல. அவர் லாஸ் ஏஞ்சலஸில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த மகளிர் நோய் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட சிப்பாய்களின் வலுவிழந்த கால்களை, கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டித் தூக்க வைத்துத் தேற்றும் முறையைத் தாமஸ் டிலோர்ம் என்ற ராணுவ டாக்டர் 1945இல் வெளியிட்டிருந்தார். சிப்பாயின் தொடைத் தசைக்குச் செல்லும் விதி தாயின் இடுப்புத்தளத் தசைக்கு மட்டும் செல்லாதா? 1948இல் கீகல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'படிப்படியாக எதிர்ப்பைக் கூட்டும் பயிற்சி' என்ற அதே கருத்து இருக்கிறது.

அவர் ஒரு கருவியும் செய்தார். ரப்பர் உறை ஒன்று, அதிலிருந்து ஒரு குழாய், அதன் நுனியில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் இருப்பது போல் ஒரு மானி. உறையை உள்ளே வைத்துக்கொண்டு பெண் தசையைச் சுருக்கினால் முள் ஏறும். இன்று 5, அடுத்த வாரம் 8, அடுத்த மாதம் 15 என்று அவளே தன் முன்னேற்றத்தைப் பார்க்கலாம். தினம் மூன்று வேளை, வேளைக்கு 20 நிமிடம். ஒரு நாளில் 300 தடவை வரை சுருக்கச் சொன்னார்.

ஆசிரியையாக என்னைக் கவர்ந்தது கருவி அல்ல. பயிற்சியைச் சொல்லும் முன் கீகல் விரலால் பரிசோதித்து, சரியான தசைதான் சுருங்குகிறதா என்று பார்த்தார். பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார். பாடம் புரிந்ததா என்று பார்க்காமல் வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை.

பின்னால் வந்தவர்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டார்கள். பயிற்சி ஒரு துண்டுத்தாளாகச் சுருங்கியது. "கீழே சுருக்கி விடும்மா, தினம் செய்" என்பதோடு முடிந்தது. 1991இல் ரிச்சர்ட் பம்ப் என்ற அமெரிக்க டாக்டரும் அவர் குழுவினரும் 47 பெண்களுக்கு இப்படி வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்து அளந்து பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் 49 சதவீதம். 25 சதவீதம் பேர் சிறுநீர்க் கசிவை அதிகமாக்கக்கூடிய விதத்தில் செய்தார்கள், அதாவது மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்கினார்கள். வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லை என்றால் பிள்ளைகளைக் குறை சொல்வோமா, பாடம் நடத்திய முறையைப் பார்ப்போமா? "நான் செஞ்சு பாத்தேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்லும் பெண்களில் பலர் தவறு செய்தவர்கள் அல்ல. அவர்களுக்குச் சரியாகச் சொல்லித்தர ஆள் இல்லை.

எடை என்ற சுமை

இனி உடல் எடைக்கு வருவோம். பெண்களை அதிகம் நோகடிப்பது இதுதான்.

வயிற்றில் கூடும் ஒவ்வொரு கிலோவும் கீழ்த்தளத்தை அழுத்தும் என்பது உண்மை. பிரிட்டனில் 1968 முதல் 1974 வரை 17,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பல ஆண்டுகள் கவனித்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், இறக்கத்துக்காக மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் மிக வலுவான காரணமாகத் தெரிந்தது பிரசவங்களின் எண்ணிக்கை. உடல் எடையும் ஒரு காரணமாக இருந்தது.

அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையான, கர்ப்பப்பை எடுக்காத 16,608 பெண்களை 5 ஆண்டுகள் கவனித்து 2009இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். சரியான எடை உள்ளவர்களோடு ஒப்பிட்டால், கர்ப்பப்பை இறக்கம் அதிகமாகும் அபாயம் எடை கூடியவர்களுக்கு 43 சதவீதமும், உடல் பருமன் உள்ளவர்களுக்கு 69 சதவீதமும் கூடுதல். ஆனால் அதே ஆய்வின் அடுத்த முடிவைத்தான் நம்மிடம் யாரும் சொல்வதில்லை. எடையில் 10 சதவீதம் குறைத்த பெண்களுக்கும் இறங்கியது குறிப்பிடும்படி மேலே ஏறவில்லை. எடை செய்த சேதம் திரும்பாததாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

அப்படியானால் எடை குறைப்பது வீணா? இல்லை. அதே 2009இல் வெளியான இன்னொரு ஆய்வு சிறுநீர்க் கசிவைப் பற்றியது. எடை கூடிய 338 பெண்கள். ஆறு மாதத்தில் ஒரு குழுவினர் உணவாலும் நடையாலும் சராசரியாக 8 சதவீத எடை குறைத்தார்கள். அவர்களுக்கு வாராந்திரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. எடை அதிகம் குறையாத மற்றக் குழுவில் 28 சதவீதம்தான் குறைந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாடம் இதுதான். எடை குறைந்தால் கசிவு குறையும், இறக்கம் மேலும் வளரும் வேகமும் குறையலாம். ஆனால் இறங்கியதை அது தூக்கி வைக்காது. தண்ணீர் வற்றிய துறையில் கப்பலின் சரக்கைக் குறைப்பது போன்றது அது.

"குண்டா இருந்தா வரத்தான் செய்யும்" என்பவர்களுக்கு நேபாளத்தைக் காட்டுகிறேன். அங்கே மலைக்கிராமங்களில் ஒல்லியான, இளம் வயதுப் பெண்களுக்கே இந்த இறக்கம் வருகிறது. சிறு வயதுத் திருமணம், அடுத்தடுத்த பிரசவங்கள், பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே விறகும் தண்ணீரும் புல்லுக்கட்டும் முதுகில் சுமந்து மலை ஏறுவது. சுமை உடம்புக்குள் இருந்தாலும் முதுகில் இருந்தாலும் அழுத்துவது அதே தளத்தைத்தான். 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்த நிலை பெண்களின் இனப்பெருக்க உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது. இலவச ஆலோசனையும் சிகிச்சையும் விழிப்புணர்வும் தர அரசுக்கு உத்தரவிட்டது. பெண்கள் காதுக்குள் கிசுகிசுத்த ஒரு விஷயம் நீதிமன்றத் தீர்ப்பில் உரக்கப் பேசப்பட்டது.

நிரூபிக்க 66 ஆண்டுகள்

கீகலின் காலத்தில் சிறுநீர்க் கசிவுதான் முக்கியப் பேச்சு. இறக்கத்துக்கு இந்தப் பயிற்சி உதவுமா என்பதை ஒழுங்காகச் சோதிக்க வெகுகாலம் ஆயிற்று. நார்வேயில் 109 பெண்களை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் பயிற்சி செய்தவர்களில் 19 சதவீதம் பேருக்கு இறக்கம் ஒரு நிலை குறைந்தது. செய்யாதவர்களில் அது 8 சதவீதம். 2014இல் ஸ்காட்லாந்தின் சுசான் ஹேகன் தலைமையில் பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் 447 பெண்களிடம் செய்த ஆய்வு வந்தது. 16 வாரங்களில் ஐந்து தடவை பிசியோதெரபிஸ்டைப் பார்த்துப் பயிற்சி பெற்றவர்களுக்கு, ஓராண்டு முடிவில் கனமும் பிதுங்கலும் போன்ற தொல்லைகள் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன.

1948க்கும் 2014க்கும் இடையே 66 ஆண்டுகள். நிலவுக்கு மனிதன் போய்வந்ததும் இதற்கு நடுவில்தான். கோடிக்கணக்கான பெண்களின் அன்றாடத் தொல்லைக்கு ஐந்து வகுப்புகள் போதுமா என்று சோதிக்க அவ்வளவு காலம்!

இதைப் படித்ததும் "நம்ம யோகாவில் மூலபந்தம் இருக்கே டீச்சர்" என்று யாராவது எழுதுவீர்கள். உண்மைதான், 15ஆம் நூற்றாண்டு நூலான ஹட யோக பிரதீபிகையில் அது இருக்கிறது. செயலிலும் ஒற்றுமை உண்டு. ஆனால் அது கீழ்நோக்கிச் செல்லும் வாயுவை மேலே திருப்பும் யோக சாதனையாகச் சொல்லப்பட்டது. பிரசவமான பெண்ணின் இறக்கத்துக்கு வைத்தியமாக அல்ல. பெருமைப்படுவதற்காக இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

செய்முறை

எனக்கும் இரண்டாம் நிலை இறக்கம் உண்டு. மூன்று ஆண்டுகளாகப் பயிற்சி செய்கிறேன். முன்பு ஒரு திருமண வீட்டில் இரண்டு மணி நேரம் நின்றால் மறுநாள் படுத்துவிடுவேன். இப்போது நிற்க முடிகிறது. முழுதாக மேலே போய்விடவில்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொல்லித்தந்த முறை இது:

1. முதலில் படுத்தபடி செய்யுங்கள், பழகிய பின் உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம்.

2. சபையில் வாயு பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்குங்கள். அதே சமயம் சிறுநீரை நிறுத்துவது போல முன்பக்கத்தையும் சுருக்கி, இரண்டையும் உள்ளே மேல்நோக்கி இழுங்கள்.

3. மூச்சை அடக்காதீர்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. கீழே எதுவும் தள்ளுவது போல் இருந்தால் தவறு, உடனே நிறுத்துங்கள்.

4. முதலில் 3 விநாடி பிடித்து முழுதாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. மெல்ல மெல்ல 10 விநாடி வரை கூட்டுங்கள். ஒரு சுற்றுக்கு 10 தடவை, நாளுக்கு மூன்று சுற்று. குக்கரில் மூன்று விசில் வருவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

5. இருமல், தும்மல் வரும்போதும், குடத்தைத் தூக்கும்போதும் அதற்கு ஒரு நொடி முன்னால் சுருக்கிக்கொள்ளுங்கள்.

6. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பயிற்சி செய்ய வேண்டாம். மலச்சிக்கலைக் கவனியுங்கள். முக்குவது இந்தத் தசைக்குப் பகை.

பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். முடிந்தால் ஒரு தடவையாவது மகளிர் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டி, சரியான தசைதான் சுருங்குகிறதா என்று கேளுங்கள். ரத்தம் கண்டால், சிறுநீர் போகாமல் அடைத்தால், வெளியே வந்த பகுதியில் புண் இருந்தால், பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். மிகவும் இறங்கியவர்களுக்குப் பெசரியோ அறுவையோ தேவைப்படலாம். அது தோல்வி அல்ல.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவமான பெண்ணின் கையில் தண்ணீர்க் குடத்தையும் கேஸ் சிலிண்டரையும் கொடுக்காதீர்கள். "உடம்பைக் குறை" என்று சொல்வதற்கு முன்னால் அவள் சுமையில் கொஞ்சம் குறையுங்கள். டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொன்னால் எதற்கு என்று துருவாமல் கூட வாருங்கள்.

பெண் பிள்ளைகளே, சந்தேகம் இருந்தால் பொதுவில் எழுதக் கூச்சமாக இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். முகநூல் பக்கம் வராத உங்கள் அம்மாவுக்கும் மாமியாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்